சிறிமாவோ அம்மையாரின் காலம்: மிளகாய் விலை, தரப்படுத்தல், ஐந்தேகால் இலட்சம் பேர்

கோப்பாயான் எழுதியது:

எங்கள் வீட்டில் இலங்கையின் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் பெயரை எடுத்தால் ஒரே மேசையில் இரண்டு விதமான பேச்சு எழும். அப்பா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளை அவர் கடைசிவரை "அம்மாவின் காலம்" என்றுதான் சொல்லி வந்தார். துலா மிதித்து இறைத்த கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்ததும், ஓலை வீடு கல்வீடானதும், அக்காவின் கலியாணம் கடன்படாமல் ஒப்பேறியதும் அந்த ஏழு ஆண்டுகளில்தான். அன்னியச் செலாவணி வற்றிப்போன அரசாங்கம் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தியவுடன், அதுவரை இந்தியச் சரக்கோடு போட்டிபோட முடியாமல் திணறிய யாழ்ப்பாணத் தோட்டக்காரனின் சாக்கு மூட்டைக்குத் தெற்கிலிருந்து லொறி தேடிவந்தது.

அண்ணாவின் கதை வேறு. 1971ஆம் ஆண்டு பொறியியல் பீட அனுமதிக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 புள்ளியும் வெட்டுப்புள்ளிகளாக வைக்கப்பட்டன. அண்ணா எடுத்த புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. மருத்துவத்துக்கும் 250க்கு 229 என்று அதே கணக்குத்தான். இதைத்தான் தரப்படுத்தல் என்கிறோம்.

இது எங்கள் வீட்டு விசேஷம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1982 ஜனாதிபதித் தேர்தலின் முடிவைப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் சிறிமாவோவின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவ. அவருக்கு ஏறத்தாழ 35 சதவீதம், ஆட்சியிலிருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனவுக்கு ஏறத்தாழ 20 சதவீதம். தரப்படுத்தலும் 1972 அரசியலமைப்பும் நடந்து முடிந்த பிறகு, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானமும் நிறைவேறிய பிறகு, சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு. இவருடைய அரசியல் வாழ்வைத் தமிழர்களாகிய நாம் எப்படி வாசிப்பது என்று இங்கே பேச விரும்புகிறேன். வசவும் துதியும் வேண்டாம், நடந்ததைப் பேசுவோம்.

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

நல்ல தொடக்கம், தம்பி. நான் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். 1960ஆம் ஆண்டு இரண்டு பொதுத் தேர்தல்களையும் கண்ணால் கண்டவன். முதலில் ஒரு திருத்தம், நீங்கள் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். உலகின் முதலாவது பெண் பிரதமர் சிறிமாவோதான். இலங்கையின் முதலாவது பெண் அமைச்சர் அவர் அல்லர். அந்த இடம் 1956இல் சுகாதார அமைச்சரான விமலா விஜேவர்த்தனவுக்கு உரியது. சிறிமாவோவின் கணவரும் அப்போதைய பிரதமருமான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டம்பரில் சுடப்பட்ட பின் விமலாவும் அந்த வழக்கில் கைதாகி, நீதிவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். ஆனால் அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது. அதே கொலைதான் சிறிமாவோவின் அரசியல் வாழ்வைத் தொடக்கி வைத்தது.

"அழும் விதவை" என்று எதிரணியினர் அவரை ஏளனம் செய்தார்கள். கணவரின் ஒலிப்பதிவு செய்த பேச்சைக் கூட்டங்களில் போட்டு வாக்குக் கேட்டது உண்மைதான். ஆயினும் அதுவரை அடுப்படியை விட்டு வெளியே வராதவர் என்று எழுதுவது சரியன்று. லங்கா மகிளா சமிதி என்ற பெண்கள் அமைப்பின் வழியாகக் கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்தவர் அவர். எந்த ஊரில் கிணறு வற்றும், எந்த ஊரில் மருத்துவிச்சி இல்லை என்பதைக் கொழும்புக் கனவான்கள் பலரைவிட நன்றாக அறிந்திருந்தார். 1960 யூலையில் கட்சி 75 ஆசனங்களை வென்றபோது அவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிட்டிருக்கவில்லை. செனட் சபை உறுப்பினராகி, அங்கிருந்தபடியே பிரதமரானார். பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகிய இரண்டு அமைச்சுகளையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். பிரதிநிதிகள் சபைக்குள் அரசாங்கத்தின் குரலாக நின்றவர்களில் முக்கியமானவர் நிதியமைச்சரான உறவினர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. இந்த ஏற்பாட்டைப் பார்த்து, அம்மா பொம்மை, ஆட்டுவிப்பவர் மருமகன் என்று எங்கள் கந்தோரில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் குடியிருந்து மறித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 1962 சனவரியில் இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் தீட்டிய சதி நடக்கவிருந்த இரவிலேயே முறியடிக்கப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் எண்ணெய் நிறுவனங்களின் சொத்தில் கைவைத்ததற்காக 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அவர் அசையவில்லை.

அந்த உறுதியில் தமிழருக்குக் கிடைத்த பங்கு என்ன என்று கேட்டால், 1960 ஏப்ரலில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் தமிழரசுக் கட்சி சுதந்திரக் கட்சியோடு கைகோத்தது. அதற்கு ஓர் உடன்பாடும் இருந்தது. யூலையில் தனிப் பெரும்பான்மை கிடைத்ததும் அந்த உடன்பாடு தேவையற்றுப் போயிற்று.

நமுனுகுலைப் பெண் எழுதியது:

இருவரும் வடக்கையும் கொழும்பையும் சொல்லிவிட்டீர்கள். நான் பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இந்த அம்மையாரின் பெயர் ஒப்பந்தத்தின் பெயராகத்தான் வாழ்கிறது: சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 1964 அக்டோபர் 30. இந்திய வம்சாவளியினரில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் கணக்கெடுத்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்தப் பிறகு 1974இல் வந்தது. இந்திரா காந்தியும் அவரும் ஆளுக்கு 75,000 என்று பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு இங்கே குடியுரிமை என்பது விகிதம். கொழுந்து நிறுக்கும் தராசில்கூட இவ்வளவு துல்லியமாக எங்களுக்குக் கணக்குப் பார்த்ததில்லை.

தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இதை எதிர்த்தார். அவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் பாட்டி பிறந்தது இங்கே, அவருடைய தாயும் பிறந்தது இங்கே. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார், பெரியப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். ஒரே லயக் காம்பராவில் இருந்த குடும்பத்துக்கு இரண்டு நாட்டுக் கடதாசி. பாட்டி அவற்றைக் காலியான பிஸ்கட் தகரத்தில் மடித்துப் போட்டு, நடுவில் ஒரு பழைய நாட்காட்டித் தாளை வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பார்.

கோப்பாய் அண்ணா, உங்கள் அப்பாவின் மிளகாய் விலை ஏறிய காலத்தை நாங்கள் "பஞ்ச காலம்" என்கிறோம். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று 1970இல் மேடையில் பேசியதை இன்றும் சனங்கள் கேலியாகச் சொல்வார்கள். 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் மாவும் எண்ணெயும் விலையேறியபோது பங்கீடு வெட்டப்பட்டது. கிராமத்தானுக்கு வீட்டுப் பின்புறம் மரவள்ளி நடவாவது ஒரு துண்டு நிலம் இருந்தது. தோட்டத்தில் லயத்து வாசல் முடிகிற இடத்தில் துரையின் தேயிலை தொடங்கிவிடும். சம்பளம் நாள் கணக்கில், வேலையோ வாரத்தில் சில நாட்கள் மட்டும். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பட்டினியால் செத்தார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல இன்றும் எங்கள் மூத்தவர்களுக்குக் கூச்சம். காய்ச்சல் வந்து போனார்கள் என்றுதான் சொல்வார்கள்.

காணிச் சீர்திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. வெள்ளைக்காரக் கம்பனி போவதில் எங்களுக்கு என்ன வருத்தம்? ஆனால் எடுத்த காணியைப் பங்கிட்டபோது, நூறு வருடமாக அதில் வேலை செய்தவன் பட்டியலில் இல்லை. பல தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட சனம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். அது அம்மையாரின் ஆட்சியின் கடைசி மாதங்களில் நடந்தது.

கூடலூர் வாசி எழுதியது:

சகோதரி எழுதிய கணக்கின் மறுபக்கம் நாங்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புக்கு வந்தது எங்கள் குடும்பம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. இங்கே எங்களுக்கு வைத்த பெயர் "சிலோன்காரர்". தாயகம் திரும்பியோர் என்பது அரசாங்கத் தாளில் மட்டும்தான். என் அம்மா இந்த மண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. அதை எப்படித் திரும்புதல் என்பது? மற்றபடி, இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். ஒருவரைப் பற்றி மட்டும் நீளமாகப் பேசுகிறோம்.

இராமநாதபுரத்தான் எழுதியது:

கச்சத்தீவை ஒருவரும் குறிப்பிடவில்லையே? 1974இலும் 1976இலும் செய்யப்பட்ட இரண்டு ஒப்பந்தங்களும் இந்த அம்மையார் காலத்தவைதானே?

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

ஆம், இந்திரா காந்தியோடு அவருக்கிருந்த தனிப்பட்ட நட்பின் பலன் என்று அதை இங்கே கருதுகிறார்கள். அவருடைய வெளிவிவகார வெற்றிகளில் அதைச் சேர்க்கலாம். 1962இல் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போர் மூண்டபின் இலங்கை உட்பட ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசியதையும், 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் மாநாட்டை நடத்தியதையும் அதோடு சேர்க்கலாம். வெளியே அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தெரிந்தவர், உள்நாட்டில் தமிழர் விடயத்தில் ஒரு தடவையும் அந்த மேசையைப் போடவில்லை என்பதுதான் என் நெடுநாளைய மனக்குறை. கச்சத்தீவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே இழுத்தால் இது அத்தோடு முடிந்துவிடும்.

தென்மராட்சி ஆசிரியர் எழுதியது:

எல்லாரும் கோபிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். தரப்படுத்தலை அநீதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டு முறையினால் வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருந்து பல்கலைக்கழகம் போன தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. ஆய்வுகூடமே இல்லாத பள்ளியில் படித்தவனையும், யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரியில் படித்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் நீதியா? நானே கல்லூரி ஆசிரியனாக இருந்தவன். எங்கள் நகரக் கல்லூரிகளின் கெட்டித்தனத்தில் பாதி வசதியின் கெட்டித்தனம். அத்தோடு, 1974 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்துவைத்தவரும் அதே சிறிமாவோதான்.

கோப்பாயான் எழுதியது:

ஐயா, மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள். 1971இல் நடந்தது மாவட்டக் கணக்கன்று, மொழிக் கணக்கு. வசதியற்ற முல்லைத்தீவுப் பிள்ளையும் தமிழில் எழுதியதால் 250 எடுக்க வேண்டியிருந்தது. கொழும்பின் மிக வசதியான கல்லூரியில் சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 227 போதும். ஏழைக்கு இரங்கிய திட்டமாக இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே அது ஏழையைத் தேடியிருக்கும். ஒதுக்கீடு பின்னால் வந்தது. அதற்குள் மனம் முறிந்துவிட்டது. அண்ணாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

1974 என்றதும் நீங்கள் அக்டோபரைச் சொன்னீர்கள். அதே ஆண்டின் சனவரி 10ஆம் திகதியையும் சொல்ல வேண்டும். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் திரண்டிருந்த கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்து, உயிர்கள் போயின. அப்பா அன்று மண்டபத்துக்குப் போயிருந்தார். செருப்பில்லாமல் வீடு திரும்பியவர், கிணற்றடியில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகும் அவருக்கு அது "அம்மாவின் காலம்"தான். பொலிஸ் செய்ததை அவர் அரசாங்கத்தின் கணக்கில் எழுதினார்; மிளகாய் விலையை அம்மையாரின் கணக்கில் எழுதினார். மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கினர் இப்படித்தான் எழுதினார்கள் போலும். அவர்களை அறியாமைக்காரர் என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்த இறக்குமதித் தடை யாழ்ப்பாணத் தோட்டக்காரனுக்காகப் போடப்பட்டதன்று, காசில்லாமல் போடப்பட்டது; அப்பாவுக்கு அது தெரிந்தேயிருந்தது. ஆர் பெத்த பிள்ளைக்கோ பெய்த மழை எங்கள் தறையிலும் பெய்தது என்பார்.

வெள்ளவத்தை ஐயா சொன்ன மேசையைப் பற்றி ஒரு சொல். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்) வாசலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபோது, வடக்குக் கிழக்கில் நிருவாகமே நின்றுபோயிற்று. ஏப்ரலில் கட்சித் தலைவர் செல்வநாயகம் தனித் தபால் முத்திரை வெளியிட்டார். சில நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமுக்குப் போனார்கள். 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பு, அதற்கு முந்தைய சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, சிங்கள மொழியையும் பௌத்தத்துக்கு முதன்மையிடத்தையும் யாப்புக்குள்ளேயே வைத்தது. அதை வரைந்தவர் ஒரு காலத்தில் இரு மொழிக்காகக் குரல்கொடுத்த இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா என்பது தனிக் கதை. தமிழரசுக் கட்சி திருத்தங்களைக் கொடுத்தது. அவை எடுபடவில்லை, கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. நமுனுகுலைச் சகோதரி எழுதிய ஒப்பந்தமும் இதே வகைதான். இவருக்குத் தமிழர்மீது தனி வெறுப்பு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழரைப் பற்றிய முடிவைத் தமிழரில்லாமல் எடுப்பது இயல்பான நிருவாகம் என்று அவர் நம்பினார். வெறுப்பென்றால் என்றாவது தணிந்திருக்கும்.

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

கடைசிக் காலத்தையும் பதிந்துவிடுகிறேன். 1970இல் அவருடைய ஐக்கிய முன்னணி 151இல் 116 ஆசனங்களைப் பிடித்தது. 1975இல் முடிய வேண்டிய பாராளுமன்றத்தை, புதிய யாப்பைக் காட்டி 1977வரை நீட்டினார்கள். பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்ற சனம் அந்த இரண்டு ஆண்டுகளை மறக்கவில்லை. 1977இல் சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு ஆசனங்கள். 18 ஆசனங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். முன்னாள் பிரதமருக்கு அந்தப் பதவியும் கிடைக்கவில்லை. 1980 அக்டோபரில், அதிகாரத் துஷ்பிரயோகம் என்று விசாரணை ஆணைக்குழு கண்டதை வைத்து, அவருடைய குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்துப் பாராளுமன்றத்திலிருந்தும் வெளியேற்றினார் ஜே.ஆர். அதனால்தான் 1982இல் அவருக்குப் பதிலாகக் கொப்பேகடுவ நின்றார். வாக்குரிமை இல்லாத வாழ்வு எப்படியிருக்கும் என்பதை, 1964இல் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரைப் பங்கிட்டவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் அனுபவித்தார். 1986இல் உரிமை திரும்பக் கிடைத்தது. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசாவிடம் தோற்றார். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானபின் மூன்றாவது முறையாகப் பிரதமரானார். அப்போது அந்தப் பதவியில் அதிகாரம் ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. 2000 ஆகஸ்டில் விலகினார். அக்டோபர் 10ஆம் திகதி பொதுத் தேர்தல். தமது அத்தனகலைத் தொகுதியில் வாக்களித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

நமுனுகுலைப் பெண் எழுதியது:

கோப்பாய் அண்ணா, ஒன்று கேட்கலாமா? 1982இல் உங்கள் அப்பா கைச் சின்னத்துக்குப் போட்டிருப்பார் என்று தெரிகிறது. உங்கள் அண்ணா யாருக்கு வாக்களித்தார்?

கோப்பாயான் எழுதியது:

அண்ணா அப்போது ஊரில் இல்லை, சகோதரி. 1979இலேயே மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். டிக்கட்டுக்கான காசு மிளகாயில் வந்தது. தேர்தல் முடிந்த கிழமை அப்பா அவருக்கு எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். மழை, மாட்டின் கன்று, அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைத்தது எல்லாம் அதில் இருந்தன. வாக்குப் போட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.